பதினாறரை மில்லி சந்தேகம்

அத்தியாயம் 4

"எல்-னா லார்ஜ்தானே மேடம்?" என்று காலையில் கேட்டது வாலு செய்த முதல் தப்பு.

"எல்லுக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்கு?"

"அரை."

"லார்ஜ்ல பாதி எந்தக் கடையிலடா விக்குது?"

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த மேடம், வேலையை உதறிவிட்டு இரண்டாவது மாடியில் ஒரு அறை, ஒரு மேஜை, சத்தம் மட்டும் போடுகிற ஒரு மின்விசிறியோடு தனியாகத் துப்பறிய ஆரம்பித்திருந்தார். அவரிடம் சம்பளம் வாங்குகிற ஒரே ஜீவன் வாலு. கல்யாணமாகி, முன்மண்டையில் முடி கொட்ட ஆரம்பித்த வயதிலும் வாய் அடங்காததால் அந்தப் பெயர் அவனை விட்டுப் போகவில்லை.

எல் அரை என்பது அவர்கள் கையில் இருந்த ஒரே துப்பு. அதுவும் ஒரு போட்டோவில்தான் இருந்தது. ஒரு நகைப் பெட்டி, அதற்குள் நீலக்கல் மோதிரம், பெட்டியின் அடியில் ஸ்டிக்கர், ஸ்டிக்கரில் எல் அரை. அவ்வளவுதான். படத்தை எடுத்தவள், எதிர் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருந்த பேக்கரிக்காரி.

"வீட்டுக்காரர் கோட்டுப் பையில இருந்துச்சு மேடம். துவைக்கப் போடறதுக்காகப் பையைத் துழாவினேன். எனக்குத்தானோன்னு ஆசையா எடுத்துப் போட்டேன். பாதி விரலைத் தாண்டல. அப்படியே பையில வச்சுட்டேன். ஒரு வாரமாச்சு. அவர் வாயே திறக்கல." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நாளைக் காலையில அக்கா ஊருக்குப் பஸ். பெட்டி கட்டி வச்சுட்டேன். அதுக்குள்ள இந்த மோதிரம் எவ விரலுக்குன்னு மட்டும் சொல்லுங்க. அவரை விடறதா, வச்சுக்கறதான்னு நான் முடிவு பண்ணிக்கறேன்."

மேடம் ஒரு தாளை மெல்லிய பட்டையாகக் கிழித்து அவள் மோதிர விரலின் அடியில் சுற்றினார். விரலின் பக்கவாட்டில் ஒரு பழைய சூட்டுத் தழும்பு இருந்தது. பட்டை அதன் மேல் போய்ச் சேர்ந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டு, பிரித்து, ஸ்கேலில் வைத்தார்.

"நூல்ல சுத்தினா சீக்கிரம் முடியுமே மேடம்?" என்றான் வாலு.

"நூல் இழுத்தா நீளும், விட்டா சுருங்கும். உன் வாக்குமூலம் மாதிரி. காகிதம் அப்படிப் பண்ணாது." மேடம் நிமிர்ந்தார். "ஐம்பத்தேழு மில்லி. விரல் முட்டியில இன்னும் கூட. நீங்க மோதிரமே போடறதில்லையா?"

"மாவு பிசையற கைக்கு மோதிரம் ஆகாதுன்னு ஓனர் கழட்டச் சொன்னாரு. அப்புறம் போட்டுப் பார்த்தா ஏறவே இல்ல. விரலெல்லாம் ஊதிப்போச்சு மேடம். அது எங்கயோ வீட்டுல கெடக்கு."

அவள் போன பிறகு மேடம் சுவரில் இருந்த பலகையில் எழுதினார்.

"ஒரே விரலுக்கு ஊருக்கு ஒரு பேர். பிரிட்டிஷ்காரன் எழுத்துல சொல்லுவான், எல் அரை. அதையே அமெரிக்காக்காரன் ஆறுங்கறான். ஜப்பான்ல பன்னிரண்டு. ஐரோப்பாவுல நேரடியா சுத்தளவையே சொல்லிடுவாங்க, ஐம்பத்திரண்டு. எந்தப் பேர்ல கூப்பிட்டாலும் மோதிரத்தோட உள்விட்டம் பதினாறரை மில்லி."

"இத்தனை பேர் வச்சிருக்கறவனைப் பார்த்தவுடனே போலீஸ்ல சொல்லணும் மேடம்."

"நீ முதல்ல அந்த ஐம்பத்திரண்டு மில்லி விரல் எங்க இருக்குன்னு சொல்லு. பேக்கரியம்மாவோட விரலை விட அஞ்சு மில்லி ஒல்லி. அவங்க வீட்டுக்காரருக்குக் கண்ணாடிக் கடை. கண் டெஸ்ட் பண்றவர். பகல் பூரா அங்க இருக்கற பெண்களோடதான் பேச்சு. போ."

வாலு போனான். நகைக்கடைக்காரரிடம் கெஞ்சி இரவல் வாங்கிய அளவு வளையக் கொத்தைச் சாவிக்கொத்து போல இடுப்பில் மாட்டிக்கொண்டு, 'இலவச விரல் அளவு, குலுக்கலில் வெள்ளி மோதிரம்' என்று வாய்கூசாமல் புளுகிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தான்.

வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு விரல் குச்சி. ஐம்பத்திரண்டு வளையம் அவள் விரலில் சுழன்றது. லென்ஸ் தேய்க்கிற அம்மாவுக்கு அதே வளையம் நகத்தோடு நின்றுவிட்டது. அந்த அம்மா, "குலுக்கல் எப்போ, எங்க, சீட்டு எங்க?" என்று குறுக்கு விசாரணை செய்தாள். மூன்றாவதாகக் கான்டாக்ட் லென்ஸ் விற்க வந்திருந்த பெண், விரலைக் காட்டவே மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஆஹா, மாட்டியது பட்சி என்று வாலுவின் நெஞ்சு துள்ளியது. கெஞ்சினான், குழைந்தான், கடைசியில் "ஒரே ஒரு விரல்தாங்க" என்று மண்டியிட்டே விட்டான். கடையே திரும்பிப் பார்த்தது. அவள் முகம் சிவந்து, "எனக்குக் கல்யாணமாகி ரெண்டு பசங்க இருக்காங்க சார்" என்று சொல்லிவிட்டு, கூடவே இன்னும் சிலதும் சொன்னாள். அவள் அடிக்கக் கை ஓங்கியபோதுதான் அவன் விரலைப் பார்க்க முடிந்தது. அறுபதுக்குக் குறையாது.

செருப்பு வார் அறுந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு அவன் மாடிப்படி ஏறி வந்தபோது மாலையாகிவிட்டது.

"ஒண்ணுமே தேறல மேடம். இந்தப் பொழப்புக்குப் பேசாம நான் வளையல் விக்கப் போயிருக்கலாம். உலகத்துல இருக்கற எல்லா விரலும் ஒண்ணு பெருசா இருக்கு, இல்ல சிறுசா இருக்கு."

மேடத்துக்கும் எரிச்சல். மேஜையில் பென்சிலைத் தட்டிக்கொண்டே இருந்தார். "ஒரு ஆளோட விரலைத் தொடாம அளவு வாங்க முடியாது. அப்ப அந்த அளவு எங்கேயிருந்து வந்துச்சு?"

அதற்குள் போன் அடித்தது. பேக்கரிக்காரி. பேசிவிட்டு வைத்த மேடத்தின் முகம் கடுகடுத்தது.

"பொறுக்க முடியாம அவரையே கேட்டுட்டாங்களாம். அவர் விளக்கம் சொல்லிட்டாராம். மோதிரம் அவங்களுக்குத்தானாம். அளவு தப்பாப் போச்சாம். அழறாங்களா சிரிக்கறாங்களான்னே தெரியல. நம்மளை வரச்சொல்றாங்க, பீஸ் கொடுத்து அனுப்பறதுக்கு."

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. வாங்க மேடம், போய் வாங்கிக்கிட்டு வருவோம்."

"எனக்கு அந்த விளக்கத்தைக் கேக்கணும்" என்றார் மேடம்.

அந்த வீட்டில் சமையலறைதான் பெரிய அறை. வாசலை ஒட்டி, கட்டிய பெட்டி இன்னும் நின்றுகொண்டிருந்தது. சாப்பாட்டு மேஜையில் நீலக்கல் மோதிரம், அதன் பெட்டி, அச்சடித்த ஒரு தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக்காரர், சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டு, பரீட்சைக்கு வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பேக்கரிக்காரியின் கண்கள் வீங்கியிருந்தாலும் அவள் காபி போட்டுக்கொண்டிருந்தாள். காபி வந்த வேகத்திலேயே அவள் மனம் இளகிவிட்டது என்று வாலுவுக்குத் தெரிந்தது.

"நான் அவசரப்பட்டுட்டேன் மேடம்" என்றாள். "நீங்களே சொல்லுங்க" என்று கணவர் பக்கம் திரும்பினாள்.

கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமினார். "அடுத்த வாரம் எங்க கல்யாண நாள். திடீர்னு கொடுத்து அசத்தலாம்னு பார்த்தேன். அவகிட்ட அளவு கேட்டா தெரிஞ்சு போயிடும். அதனால அவ தூங்கும்போது விரல்ல நூலைச் சுத்தினேன். மெதுவா, அவ முழிச்சுடாம. அந்த நூலை இந்தத் தாள்ல இருக்கற ஸ்கேல்ல வச்சுப் பார்த்துட்டு, வெளிநாட்டுக் கடையில ஆர்டர் போட்டேன். எப்படியோ தப்பாகிப் போச்சு. சின்னதா வந்ததும் சொல்ல வெக்கமாயிடுச்சு. மாத்திட்டுக் கொடுக்கலாம்னு இருந்தேன்."

"தூங்கும்போது" என்று பேக்கரிக்காரி மெல்லத் திரும்பச் சொன்னாள். அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை வாலுவும் பார்த்தான். பகலெல்லாம் பட்ட அவமானம்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

அவன் தாளை எடுத்துப் பார்த்தான். கணினியில் இருந்து அச்சடித்தது. மேலே நாடுவாரியாக அளவுகளின் அட்டவணை, கீழே மில்லிமீட்டர் ஸ்கேல், ஓரத்தில் ஒரு கட்டம். 'உங்கள் வங்கி அட்டை இந்தக் கட்டத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளவும்' என்று போட்டிருந்தது. வாலு தன் அட்டையை எடுத்து வைத்தான். அட்டை கட்டத்தைத் தாண்டி எட்டிப் பார்த்தது.

"மேடம்! பிடிச்சுட்டேன்!" அவன் குதித்தான். "பிரிண்டர் தாளுக்குள்ள அடக்கறேன்னு எல்லாத்தையும் சுருக்கிடுச்சு. ஸ்கேலே சின்னது. ஸ்கேல் சின்னதா இருந்தா மோதிரம் சின்னதாத்தானே வரும்? பாவம் சார், மனுஷன் மேல தப்பே இல்ல. குற்றவாளி பிரிண்டர்!"

கண்ணாடிக்காரர் அவசரமாகத் தலையாட்டினார். "அதேதான். அதேதான் நடந்திருக்கணும்."

பேக்கரிக்காரி அவருக்கு முதல் டம்ளரை வைத்தாள். மேடத்துக்கு இன்னும் வைக்கவில்லை. மேடம் கைப்பையைத் திறந்து, காலையில் கோடு போட்ட அந்தக் காகிதப் பட்டையை எடுத்தார்.

"வாலு, இது அவங்க விரல். ஐம்பத்தேழு மில்லி. இதை அந்தச் சுருங்கின ஸ்கேல்ல வச்சுப் படி."

வாலு வைத்தான். படித்தான். மறுபடி வைத்தான். உற்சாகம் காற்றுப் போன டயராக இறங்கியது.

"அறுபதைத் தாண்டுது மேடம்."

"ஸ்கேல் சுருங்கினா கோடெல்லாம் நெருங்கி நிக்கும். அதே விரலுக்கு அதிகக் கோடு எண்ணுவோம். அப்ப இவர் பெரிய மோதிரம் ஆர்டர் போட்டிருக்கணும். கையை உதறினா கழண்டு விழற மாதிரி ஒண்ணு வந்திருக்கணும். வந்ததோ பாதி விரலைத் தாண்டாதது." மேடம் கண்ணாடிக்காரரைப் பார்த்தார். "நூல் இழுபட்டு ஒரு மில்லி குறையலாம் சார். எட்டு ஒன்பது மில்லி குறையாது. நீங்க சொன்ன வழியில அளந்திருந்தா இந்த மோதிரம் வரவே வராது. நீங்க அவங்க விரலைத் தொடவே இல்லை."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரும் அணைக்கவில்லை. வாலுதான் போய் அணைத்தான். தன் வாயைத் தைத்துவிடலாமா என்றிருந்தது அவனுக்கு. மோதிரம் சின்னது, ஸ்கேல் சின்னது, ஜோடி சேர்ந்துவிட்டது என்று குதித்தானே, எந்தப் பக்கம் தப்புகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தானா?

பேக்கரிக்காரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்குப் போய்ப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தாள். "நாளைக்கு வரைக்கும் எதுக்கு? இன்னிக்கே ஏதாவது பஸ் இருக்கும்."

"ஒரு நிமிஷம் நில்லும்மா" என்றார் மேடம்.

"எதுக்கு மேடம்? பொய்ன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பொய்தான். ஆனா எதுக்கான பொய்னு இன்னும் பார்க்கல." மேடம் தாளைத் திருப்பி அவளுக்கு நேராக வைத்தார். "அட்டவணையில ஒரு இடத்துல பென்சில்ல புள்ளி வச்சிருக்கார். எந்தப் பத்தியில? சுத்தளவுல இல்ல. உள்விட்டத்துல, பதினாறரையில. அங்கேயிருந்து கோடு இழுத்து எல் அரைக்குப் போயிருக்கார். மாத்தினதுல ஒரு தப்பும் இல்ல. எண்ணைப் படிக்கறதுக்குத் தாள் சுருங்கினா என்ன, விரிஞ்சா என்ன? ஆனா விரலைச் சுத்தினா சுத்தளவுதான் கிடைக்கும். உள்விட்டத்தை நேரா அளக்கணும்னா கையில ஒரு மோதிரம் இருக்கணும்."

"யாரோட மோதிரம்?" பேக்கரிக்காரியின் குரல் கிரீச்சிட்டது. "எவளோட மோதிரத்தை வச்சு அளந்தீங்க? சொல்லுங்க!"

கண்ணாடிக்காரர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உங்க பழைய மோதிரம் எங்கே இருக்கு?" என்றார் மேடம்.

"எனக்கென்ன தெரியும்? பட்டன் டப்பாவுல கெடக்கும். அதுக்கும் இதுக்கும் என்ன..." அவள் பாதியில் நின்றாள்.

டப்பாவை வாலு எடுத்து வந்தான். பல நிறப் பொத்தான்கள், ஊசி குத்திய நூல்கண்டு, ஒரு ஜிப், அடியில் தேய்ந்துபோன தங்க மோதிரம். மேடம் அதை மேஜையில் வைத்து, அதன் மேல் நீலக்கல் மோதிரத்தை வைத்தார். வாலு குனிந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். இரண்டு ஓட்டையும் ஒரே ஓட்டையாகத் தெரிந்தது.

"சார் தொழிலே மில்லிமீட்டர்" என்றார் மேடம். "கடையில கண்ணாடி ஃபிரேம் அளக்கற காலிப்பர்லதான் அளந்திருப்பார். இவ்வளவு சரியா நகைக்கடைக்காரர்கூட அளக்க மாட்டார்."

வாலுவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப உண்மையிலேயே இவங்களுக்குத்தானே வாங்கியிருக்காரு! அதைச் சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன சார்? நூலு, தூக்கம், பிரிண்டர்னு எதுக்கு இந்தக் கதை? என் செருப்பு அறுந்திருக்காதே!"

கண்ணாடிக்காரர் மேஜையையே பார்த்துக்கொண்டு பேசினார். "அளவுக்காக அவ மோதிரத்தை எடுக்கலாம்னு தேடினேன். குளிக்கும்போது கழட்டி வைப்பா, எடுத்துட்டுத் திரும்ப வச்சுடலாம்னு நினைச்சேன். எங்கயும் காணோம். கடைசியில ஒரு பட்டன் தைக்கப் போய் டப்பாவைத் திறந்தா இது அடியில கெடக்கு. அழுக்குப் பிடிச்சு. ரொம்ப நாளா கெடந்திருக்கும்னு பார்த்தாலே தெரிஞ்சுது. எப்ப கழட்டினா? எதுக்குக் கழட்டினா? எனக்குத் தெரியல. கேக்கவும் பயம். இத்தனை நாள் நீங்க கவனிக்கவே இல்லையான்னு கேட்டா என்ன சொல்றது? அதான் அளந்துட்டுப் பேசாம வச்சுட்டேன். மோதிரம் வந்ததும் கொடுக்கத் தைரியம் வரல. இன்னிக்கு நீ கேட்டப்ப, தூங்கும்போது அளந்தேன்னு சொன்னா உனக்குச் சந்தோஷமா இருக்கும்னு வாயில வந்துடுச்சு."

"இருந்துச்சு" என்றாள் அவள். "ரொம்பச் சந்தோஷமா இருந்துச்சு. அரைமணி நேரம்."

அவள் பெட்டியை விடவில்லை. ஆனால் சுவரில் சாய்ந்துகொண்டாள். "வேற எவளாவது இருந்திருந்தா அவ வீட்டு வாசல்ல போய் நின்னு ஒரு மூச்சு சண்டை போட்டிருப்பேன். இதுக்கு நான் யார்கிட்டப் போய் சண்டை போடறது மேடம்? ஊர்ல இருக்கறவன் கண்ணுக்கெல்லாம் டார்ச் அடிச்சுப் பார்க்கறாரு. என் கை இவர் தட்டுலதான் சோறு போடுது. அதைப் பார்த்ததே இல்ல."

யாரையாவது கையும் களவுமாகப் பிடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று வாலுவுக்கு ஆத்திரமாக வந்தது.

மேடம் இன்னொரு பட்டையைக் கிழித்துக் கண்ணாடிக்காரர் முன்னால் வைத்தார். "அளங்க."

"இப்பவா?"

"சாயங்காலம். அடுப்படியில நின்ன சூடான கை. விரல் முழுசா விரிஞ்சிருக்கும். இதை விட நல்ல நேரம் கிடைக்காது. முட்டியையும் சேர்த்து அளங்க, அதைத் தாண்டித்தான் ஏறணும்."

அவர் எழுந்து போய் மனைவியின் எதிரில் நின்றார். அவள் கொஞ்ச நேரம் கையைத் தரவில்லை. பிறகு, நர்ஸிடம் நீட்டுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினாள். அவர் பட்டையைச் சுற்றினார். சுற்றியவர் விரல் ஓரத்தில் நின்றுவிட்டார். பட்டையை நகர்த்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கிட்டத்தில் பார்த்தார்.

"இது என்ன? சுட்டுக்கிட்டியா? எப்ப?"

"போன மழைக்காலத்துல. பேக்கரி அடுப்புல இருந்து எடுத்த தட்டு."

"ஏன் சொல்லல?"

"சொன்னேன். டிவி சத்தத்தைக் குறைச்சீங்க. குறைச்சுட்டு அதையே பார்த்துக்கிட்டிருந்தீங்க."

அவர் அந்தத் தழும்பின் மேல் கட்டைவிரலை வைத்தபடி நின்றார். மூக்கை உறிஞ்சினார்.

மேடம் வாலுவின் சட்டையைப் பிடித்து இழுத்தார். இருவரும் பெட்டியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்கள். படியில் இறங்கும்போது வாலு அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"மேடம், பீஸ்?"

"சும்மா இருடா."

"சரி, பீஸை விடுங்க. அந்தம்மா போவாங்களா, இருப்பாங்களா? அதையாவது சொல்லுங்க. எனக்குத் தலை வெடிக்குது."

மேடம் படியிலேயே நின்று காதைத் தீட்டிக்கொண்டார். திறந்திருந்த கதவு வழியாகக் கண்ணாடிக்காரரின் குரல் கேட்டது.

"ஐம்பத்தேழு... ஐம்பத்தெட்டா? சரியாத் தெரியல."

பிறகு பெட்டியைத் தரையில் தள்ளி வைக்கிற சத்தம்.

"உக்காருங்க" என்றாள் பேக்கரிக்காரி. "உக்கார்ந்து, இன்னொரு தடவை அளங்க."